குரங்கைப் பற்றிச் சொன்ன பாதிப் பதில்

என் கணவர் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தார். திருவனந்தபுரத்தில் சயன்ஸ் பாடத்தில் பி.ஏ. முடித்துவிட்டு நேராக அந்த வேலைக்கு வந்தவர். கருங்கல் சந்தைக்குப் போகும் ரோட்டை ஒட்டி, பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான ஓட்டு வீட்டில் நாங்கள் இருந்தோம். நாங்கள் என்றால் அவர், நான், அவருடைய அக்காள் மூன்று பேரும். மைனி என்று நான் கூப்பிடும் அந்த அக்காளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. முப்பதுகளின் நடுவில் நடந்த காரியம் இது. வருஷத்தைச் சரியாகச் சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை.

எங்கள் சபையில் வாலிபர் சங்கம் என்று ஒன்று இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் கூடுவார்கள். யாராவது ஒருவர் பேசுவார். ஒரு மாதம் கள்ளுக்குடியின் தீமை, ஒரு மாதம் மலேரியாக் கொசு, இப்படி. பேர் வாலிபர் சங்கம் என்றாலும் நரைத்தவர்கள்தான் முன் பெஞ்சில் இருப்பார்கள். அந்த மாதம் என் கணவர் பேசினார். உயிர்கள் இத்தனை விதமாகப் பெருகிய வழி என்பது தலைப்பு. நானும் மைனியும் பெண்கள் பக்கத்தில் வாசலை ஒட்டிய பெஞ்சில் இருந்தோம். மழை வருகிற புழுக்கம். நான் பேச்சைக் கவனித்ததைவிட அவர் சட்டையின் முதுகு நனைவதைத்தான் அதிகம் கவனித்தேன்.

அவர் கரும்பலகையில் ஒரு மரம் வரைந்தார். அடிமரம், அதிலிருந்து கிளைகள், கிளைகளில் சிறு கொம்புகள். மீன் ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம் என்று எழுதிக்கொண்டு போனார். பேச்சு முடிந்தபோது சந்தையில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த ஒருவர் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டை போடமாட்டார், தோளில் ஒரு துவர்த்துத் துண்டு மட்டும். எதையும் சிரிக்கும்படி பேசுகிறவர் என்று பேர் வாங்கியவர்.

"சாரே, எனக்கொரு சந்தேகம். எனக்க தம்பி கீரிப்பாற மலையடியில மரச்சீனிக் கெழங்கு போட்டிருக்கான். கொரங்கு கூட்டமா வந்து பிடுங்கித் தின்னுது. சும்மா தின்னா போட்டும். மண்ணத் தொடச்சி, தோல உரிச்சிட்டுல்லா தின்னுது! இன்னும் ஒரு லெச்சம் வருசம் விட்டா இதுவெல்லாம் மனுசனாயி, வேட்டி கெட்டிச் சந்தைக்கு வந்து எங்கிட்ட வெல பேசுமா?"

அறை முழுக்கச் சிரித்தது. மைனியும் சிரித்தாள். என் கணவரும் சிரித்துவிட்டு, சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒருக்காலும் ஆகாது."

"அதென்ன சாரே அப்பிடி அடிச்சிச் சொல்லுதிய?"

"ஒங்க தம்பிக்க மக்களும் ஒங்க மக்களும் ஒரே தாத்தாவுக்கப் பேரப்பிள்ளைய தானே? ஒங்க தம்பி மவன் வளந்து வளந்து ஒரு நாளு ஒங்க மவனா மாறிருவானா?"

"அதெப்பிடி மாறுவான்? அவன் வேற, இவன் வேறல்லா."

"அதுதான் காரியம். இப்ப உள்ள கொரங்கு நமக்குத் தாத்தா இல்ல. பங்காளி. தாத்தா எப்பவோ போயாச்சு. அதுக்க வழி வேற, நம்ம வழி வேற. கொரங்கு பாதி வழியில நிக்கிய மனுசன் இல்ல. அது முழுக் கொரங்காக்கும். இனியும் மாறும். எப்பிடி மாறும்ணு ஆருக்கும் அறியாது. நம்மள மாதிரி ஆகணும்ணு அதுக்கு ஒரு கட்டாயமும் இல்ல."

கருப்பட்டிக்காரர் சிரிக்காமல் உட்கார்ந்தார். முன் பெஞ்சிலிருந்து சபையின் மூத்த டீக்கன் எழுந்தார். அவர் ரிஜிஸ்தர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்தில் கேட்கிறவர். "அந்தத் தாத்தா ஆரு?" என்றார்.

"அது மனுசனும் இல்ல, இப்ப உள்ள கொரங்கும் இல்ல. ரெண்டும் பிரியதுக்கு முன்ன இருந்த ஒரு சீவன்."

கடைசி பெஞ்சில் இருந்த எங்கள் ஐயர், சபைப் போதகர், எழுந்து வந்து ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தார். மழை வந்துவிட்டது. நானும் மைனியும் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். அன்றைக்கு அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. அவர் நனைந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, சுக்குக் காப்பி கேட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் வில்வண்டியில் நெய்யூர் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். விஷக்காய்ச்சல் என்றார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். நாக்கு வறண்டு தடித்து, கடைசி வாரம் அவர் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு இறந்தார். நான் கையில் தண்ணீர்த் தம்ளரோடு கட்டில் பக்கத்தில் நின்றேன். இந்தத் தம்ளரை எங்கே வைப்பது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வைக்க இடம் தெரியாமல் நர்ஸ் வந்து வாங்குகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றேன்.

நான் அழவில்லை. மைனி அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அழுதார்கள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அழுதிரு மக்கா, நெஞ்சு வெடிச்சிரும்" என்றார்கள். எனக்கு வெடிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் அது நம் கால் இல்லாத மாதிரி இருக்கும் அல்லவா, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சோறு வைத்தால் தின்றேன். படு என்றால் படுத்தேன். அடக்கம் முடிந்து வந்த அன்றே அவருடைய வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்தேன். இதைப் பார்த்து மைனி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்த ஊமை நாட்களில்தான் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. குரங்கைப் பற்றிப் பேசிய நாக்கு, அதனால்தான் தேவன் நாக்கைக் கட்டிவிட்டார் என்று. கிணற்றடியில் கேட்டுவிட்டு வந்து மைனி அடுப்படியில் இருந்து முணுமுணுத்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கேட்டேன், துருவினேன்.

பள்ளிக்கூட வீட்டை விட்டுவிட வேண்டியிருந்தது. எனக்கு ஒரு வேலையும் வேண்டியிருந்தது. நான் கல்யாணத்துக்கு முன் வாத்தியார்ப் பயிற்சி முடித்திருந்தேன். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. ஐயர்தான் விண்ணப்பம் எழுதச் சொன்னார். அதை மூத்த டீக்கன் தடுத்தார். வேதத்துக்கு விரோதமாகப் பேசியவரின் வீட்டிலிருந்து ஒருத்தி வந்து பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பாள் என்று கேட்டாராம். சபைக் கமிட்டி என்னை வரச் சொல்லியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். ஐயர் கையில் கமிட்டிப் புத்தகம் இருந்தது. மூத்த டீக்கன் தொண்டையைச் செருமினார்.

"ஒங்க துக்கம் எங்களுக்கும் துக்கந்தான். ஆனாலும் கேக்க வேண்டியதக் கேக்கணும். கொரங்கிலேருந்து மனுசன் வந்தாம்ணு ஒங்க மாப்பிள கூட்டத்துல பறஞ்சாரா, இல்லியா?"

எனக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் வந்தது. நடந்த வரிசையில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"கருப்பட்டிக் கடைக்காரரு எந்திச்சி, இந்தக் கொரங்கெல்லாம் மனுசனாயிருமாண்ணு கேட்டாரு. ஒருக்காலும் ஆகாதுண்ணு அவிய சொன்னாவ."

"ஆகாதுண்ணா?" என்றார் இன்னொரு டீக்கன். அவர் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை.

"ஆகாதுண்ணுதான் சொன்னாவ. அடிச்சிச் சொன்னாவ."

ஐயர் சட்டென்று தலையைத் தூக்கினார். "கேட்டீயளா? கொரங்கு மனுசனாகாதுண்ணுதானே வேதமும் சொல்லுது? அவரும் அதத்தானே சொல்லியிருக்காரு?" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார். மூத்த டீக்கன், "அதுக்குப் பொறவு ஒரு தாத்தா கதையும் உண்டும்" என்றார். "அது ஒங்க கேள்விக்கு அவரு சொன்ன உவமானம் டீக்கனே" என்றார் ஐயர், எழுதுவதை நிறுத்தாமல். எழுதி மை ஒற்றிப் புத்தகத்தை மூடினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீதியையும் சொல்ல நான் வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. சொல் வரவில்லை. பயத்தால் வரவில்லை என்று சொன்னால் ஒரு நியாயம் உண்டு. வேலை போய்விடும் என்ற கணக்கு மனதில் ஓடியது என்றாலும் சரி. அப்படி ஒன்றும் இல்லை. ஆரம்பித்த வாக்கியம் நின்றுபோனது, நான் அதைத் தள்ளவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மைனியிடம், "சரியாப் போச்சு" என்றேன்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் ஐயர் என் கணவரைப் பற்றிச் சொன்னார். குரங்கு ஒருக்காலும் மனுஷனாக முடியாது என்று நம் காலஞ்சென்ற சகோதரர் இத்தனை பேர் முன்னிலையில் சாட்சியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றார். கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கிணற்றடியில் நாக்கைப் பற்றிப் பேசியவர்களே வந்து என் கையைப் பிடித்தார்கள். "எவ்வளவு பக்தியுள்ள மனுசன்!" என்றாள் ஒருத்தி. என் கை அவள் கைக்குள் இருந்தது. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓலை வீடு ஒன்று பார்த்துக்கொண்டு நானும் மைனியும் மாறினோம். இரண்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அவர்கள் சத்தம் போட்டால் பிரம்பால் மேஜையைத் தட்டுவேன், அடங்குவார்கள். அடங்கியதும் எதற்குத் தட்டினேன் என்பது மறந்துவிடும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் கருப்பட்டிக்காரர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் ஓலைப் பொதியில் கருப்பட்டி. அதை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்டார். நான் பெஞ்சைக் காட்டினேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்ச். முழங்கால் நெஞ்சுக்கு வரும்படி உட்கார்ந்தார்.

"டீச்சரே, கோவில்ல ஐயரு சொன்னது பாதிதானே?"

"ஆமா" என்றேன்.

"நான் அண்ணைக்கு வெளையாட்டாத்தான் கேட்டேன். எனக்க வாயி அப்பிடி. அவரு வெளையாட்டா எடுக்கல்ல. எனக்குப் பதிலு சொன்னாரு. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாதவன். படிச்ச ஒரு ஆளு நான் கேட்டதுக்கு நின்னு பதிலு பறஞ்சது அதுதான் மொதல்." துவர்த்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பிக்க மரச்சீனி வெளைக்குப் போயிருந்தேன். கொரங்க ஓட்டாம ரெண்டு நாளு பாத்துக்கிட்டு இருந்தேன். பங்காளீண்ணு அவரு சொன்னாரில்லியா. சரியாத்தான் இருக்கு. நம்மளப் பத்தி அதுக்கு ஒரு கவலையும் இல்ல. மனுசனாவணும்ணு ஒரு கொரங்கும் நெனச்சிட்டு இருக்கல்ல."

அவர் தயங்கிவிட்டுக் கேட்டார். "அண்ணைக்கு ஒரு மரம் வரஞ்சாரே, அத எனக்கு ஒரு தாளுல வரஞ்சு தருவியளா? எனக்குக் காணணும்."

கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அடிமரம் போட்டேன். மீன், பறவை எல்லாம் போட்டேன். குரங்கை ஒரு கொம்பில் எழுதினேன். மனுஷனை மரத்தின் உச்சியில் எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "உச்சியிலயா இருந்தது?"

"உச்சியிலதானே?"

"இல்லண்ணு தோணுது டீச்சரே. வேற எங்கயோ இருந்தது. எடம் எனக்கு ஓர்ம இல்ல. ஆனா உச்சியில இல்ல."

நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்த்தேன். அந்தப் பலகை என் கண் முன்னால்தான் இருந்தது. அவர் முதுகு தெரிந்தது. ஈரச் சட்டை தெரிந்தது. அவர் கை எழுதிக்கொண்டு போவது தெரிந்தது. கை எந்த இடத்தில் நின்றது என்பது மட்டும் தெரியவில்லை. அவர் சொன்ன வார்த்தை எல்லாம் என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று போயிருந்தது, இனி எது எது போகுமோ என்று இருந்தது. அவர் இறந்த பிறகு எனக்கு வந்த முதல் பயம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அதற்குப் பேர் வைக்கத் தெரியவில்லை. "கேட்டு எழுதித் தாறேன்" என்று மட்டும் சொன்னேன். யாரிடம் கேட்பேன் என்று அவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் ஐயர் வீட்டுக்குப் போனேன். மரம் மட்டும் காரணம் இல்லை. போகிற வழியில் மற்றதையும் சொல்லிவிடுவது என்று ஆகிவிட்டது. ஐயர் வெளி வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஐயரே, கமிட்டியில நான் சொன்னது பாதி. அவிய மீதியும் சொன்னாவ. தாத்தா ஒண்ணுதாண்ணு சொன்னாவ. உவமானமா இல்ல, நெசமாத்தான் சொன்னாவ."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியும். நான் கடைசி பெஞ்சில இருந்தேனே. முழுக்கக் கேட்டேன்."

"பின்ன ஏன் அப்பிடி எழுதினிய?"

"ஒங்களுக்கு வேல வேணும். சபைக்குச் சமாதானம் வேணும். நீங்க சொன்ன அந்த ஒரு வரி எனக்குப் போதும்ணு தோணிச்சு. அவரு சொன்னதுல எனக்கு வேண்டியத மட்டும் எடுத்தேன். அது சரியில்ல. அண்ணைக்கே எனக்குத் தெரியும்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நோட்டுத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். "மனுசன் எங்க இருந்தான் ஐயரே? எனக்கு ஓர்ம இல்ல."

அவர் தாளை நாற்காலிக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பென்சிலை வாங்கி, உச்சியில் நான் எழுதியதை அடித்தார். குரங்குக் கொம்புக்குக் கொஞ்சம் தள்ளி, ஓரமாக, இன்னொரு கொம்பு இழுத்து அதன் நுனியில் எழுதினார். பிறகு எல்லாக் கொம்புகளையும் ஒரே உயரத்துக்கு நீட்டிவிட்டார். "இப்பிடித்தான் இருந்தது. மீனு, பறவ, கொரங்கு, மனுசன் எல்லாம் ஒரே மட்டத்துல. எனக்கு அதுதான் ரொம்ப நாளு ஒறக்கத்தக் கெடுத்தது, தாத்தா விசயம் இல்ல."

"நீங்க நம்புதியளா?"

"எனக்கறியாது டீச்சர்."

நான் கமிட்டிப் புத்தகத்தில் மீதியையும் எழுதச் சொன்னேன். எழுதினால் மூத்த டீக்கன் விடமாட்டார், வேலை போகும் என்றார். "போட்டும்" என்றேன். தைரியத்தால் சொல்லவில்லை. அந்த வேலை இருப்பதும் இல்லாததும் எனக்கு அன்றைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. அவர் மறுபேச்சு பேசாமல் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். பழைய பக்கத்தைத் திருப்பி, அடியில் மிச்சமிருந்த இடத்தில் மூன்று வரி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வேலை போகவில்லை. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. மூத்த டீக்கன் அந்த மழைக்காலத்தோடு மகன் வீட்டுக்கு நாகர்கோவில் போய்விட்டார். தாளைக் கருப்பட்டிக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை மண்டியில் பலகைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். சரக்கு எடுக்க வருகிறவர்கள் அதைக் குடும்ப வம்சாவளி என்று நினைத்து, சொத்துத் தகராறா, வக்கீலைப் பார்த்தாச்சா என்று விசாரிப்பார்களாம். அவர் அவர்களை உட்காரவைத்து விளக்குவாராம். சிலர் சண்டை பிடித்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நான் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

எனக்கு மரத்துப்போயிருந்தது எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளில் விட்டதாக ஞாபகம் இல்லை. அடுத்த வருஷம் ஈஸ்டர் கழிந்து பள்ளிக்கூடம் அடைத்திருந்த ஒரு பகலில், நானும் மைனியும் கஞ்சியும் பயறும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு வாய் குடித்துவிட்டு, "உப்பில்ல" என்றேன்.

மைனி கையிலிருந்த பலா இலைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் உப்பு மறந்து எத்தனையோ நாளு வச்சிருக்கேன். நீ ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள்.

"இண்ணைக்குத் தெரியுது."

அவள் எழுந்து போய் உப்புச் சிரட்டையை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாள். நான் ஒரு கல் எடுத்துப் போட்டுக் கலக்கிக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.